வீட்டிலிருந்து பாடம்: படிநிலை ஒன்று பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குப் பெருநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் படிநிலை ஒன்றுக்கு, அதாவது முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை, பாடம் நடத்துகிறேன். 2019 செப்டம்பரில் புகைமூட்டத்துக்காகப் பள்ளிகளை மூடியபோது பிள்ளைகளுக்கு அது வெறும் விடுமுறை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. இப்போது புகையோ, வெள்ளமோ, தண்ணீர்த் தடையோ, காய்ச்சல் பரவலோ எது வந்து பள்ளி மூடினாலும் மறுநாள் காலை பிடிபிஆர், வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல். டியூஷனும் பலருக்குத் திரை வழியாகத்தான் நடக்கிறது.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

பிடிபிஆர்னா தினமும் கூகுள் மீட்ல உட்காரணுமா டீச்சர்?

இல்லை. இணையமில்லாமல் பாடப்புத்தகத்தையும் பயிற்சித்தாளையும் வைத்து வீட்டில் செய்வதும் பிடிபிஆர்தான், கல்வி அமைச்சின் கையேடே அதை ஏற்றுக்கொள்கிறது. நேரலை வகுப்பு அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில நாள் நேரலை போதும். மற்ற நாட்களில் குரல் பதிவு, ஒரு சிறு காணொளி, எழுத ஒரு பக்கம்.

ஏழு வயசுப் பிள்ளைய எவ்வளவு நேரம் திரை முன்னாடி உட்கார வைக்கலாம்?

ஒரே மூச்சில் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். அதற்கு மேல் பிள்ளை உட்கார்ந்திருக்கும், ஆனால் கேட்காது. இருபத்தைந்து பிள்ளைகளை ஒரு மணி நேரம் வைத்திருப்பதைவிட ஆறு ஆறு பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிடம் கொடுங்கள். ஆசிரியருக்கு நேரம் கூடும், அது உண்மைதான். ஆனால் ஆறு பேர் இருந்தால் ஒவ்வொருவரும் வாய் திறந்து இரண்டு வரியாவது வாசிப்பார்கள், இருபத்தைந்து பேர் இருந்தால் நாலு பேர்தான் பேசுவார்கள், அந்த நாலு பேரும் எப்போதும் அதே நாலு பேர்.

அந்த இருபது நிமிடத்திலும் முழுக்க உங்கள் குரலே ஓடக்கூடாது. ஐந்து நிமிடம் நீங்கள் சொல்லுங்கள், அடுத்து அவர்கள் எழுதட்டும், எழுதியதைத் தூக்கிக் காட்டட்டும். "வீட்டில் 'க'வில் தொடங்கும் பொருள் ஒன்று எடுத்து வா" என்று அனுப்பினால் கரண்டி, கடிகாரம், கத்தரிக்காய் எல்லாம் ஓடி வரும், உடம்புக்கும் அசைவு கிடைக்கும். கண்ணுக்கு 20-20-20 என்று ஒரு வழக்கம் உண்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளியிருப்பதை இருபது விநாடி பார்ப்பது. சன்னல் வழியே எதிர் அடுக்குமாடி புளோக் வரை பார்க்கச் சொன்னால் போதும்.

எங்க வீட்ல ஒரே ஹேண்ட்போன், மூனு பிள்ளைங்க. அதுவும் அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்தாதான் போனே வீட்டுக்கு வரும். என்ன செய்யறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். 2020-இல் கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆனால் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகும் குடும்பங்களில் போன் பெரியவர்களின் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அது காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பி வருகிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து "காலை ஒன்பது மணிக்கு ஏன் வரவில்லை" என்று கேட்பது நியாயமே இல்லை.

ஆசிரியர்களுக்கு: நீங்கள் நடத்தும் ஒவ்வொரு நேரலைப் பாடத்துக்கும் ஒரு இரவு வடிவம் இருக்க வேண்டும். பெரிய வேலை இல்லை. பாடநூல் பக்க எண், இரண்டு நிமிடக் குரல் பதிவு, எழுத ஒரு பயிற்சி, இந்த மூன்றும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே செய்தியாகப் போகட்டும். "அனைவருக்கும் வணக்கம்" தொடங்கி பதினைந்து தனித்தனிச் செய்தியாக அனுப்பினால் இரவு பத்து மணிக்குக் களைத்து வந்த அப்பா எதைத் தேடிப் படிப்பார்? ஒப்படைக்கக் கெடு மறுநாள் இரவு வரை. வருகையையும் மீட்டில் தெரியும் முகத்தை வைத்து மட்டும் குறிக்காதீர்கள், வேலையை அனுப்பினாலே வந்ததாக எடுத்துக்கொள்ளலாமா என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பெற்றோருக்கு: வெட்கப்படாமல் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மூன்று பிள்ளைகளும் ஒரே பள்ளியென்றால் மூன்று ஆசிரியர்களும் பேசி நேரலை நேரம் மோதாமல் மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் யாராவது சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

டீச்சர், எந்த ஆப் ரொம்ப நல்ல ஆப்?

ஏற்கெனவே எல்லாரிடமும் இருப்பதுதான் நல்ல செயலி. தகவலுக்குப் புலனம், பாடத்துக்கும் ஒப்படைப்புக்கும் கூகுள் கிளாஸ்ரூம். கிளாஸ்ரூம் ஏன் என்றால் கல்வி அமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தின் வழி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் கணக்கு இலவசமாகவே இருக்கிறது, தனியாக மின்னஞ்சல் திறக்க வேண்டாம். விளையாட்டுக்கு வோர்ட்வால் போல ஒன்று. அதோடு நிறுத்துங்கள். ஒரு ஆசிரியர் ஐந்து செயலி கொடுத்தால், நாலு ஆசிரியருக்கு இருபது, அத்தனையையும் அந்த ஒற்றைப் போனில் ஏற்ற இடமிருக்காது.

இன்னொன்று. செயலிகள் நிலையானவை இல்லை. ஜம்போர்ட் என்ற இணைய வெண்பலகையை நம்பி எத்தனை பேர் பாடம் செய்து வைத்திருந்தோம், கூகுள் 2024 கடைசியில் அதை மூடிவிட்டது. புதிர்ப்போட்டிச் செயலியான குவிசிஸ் 2025-இல் பெயரையே வேகிரவுண்ட் என்று மாற்றிக்கொண்டது, பழைய பெயரைத் தேடிப் பெற்றோர் திண்டாடினார்கள். கேள்விகளையும் படங்களையும் உங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்திருங்கள், செயலி போனாலும் பாடம் போகாது.

டெலிமா பாஸ்வர்ட் மறந்து போச்சு, புதுசா ஜிமெயில் திறந்து வரலாமா?

வேண்டாம். வேறு கணக்கில் வந்தால் கிளாஸ்ரூம் உள்ளே விடாமல் போகலாம், விட்டாலும் பிள்ளை செய்த வேலை இரண்டு இடத்தில் சிதறும். பள்ளியில் டெலிமாவுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவரால் கடவுச்சொல்லை மாற்றித் தர முடியும். புதுச் சொல் கிடைத்ததும் பாடநூல் அட்டையின் உள்பக்கத்தில் எழுதாமல் வீட்டில் பெரியவர்கள் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

ஒயிட்போர்டுல எழுதிக் காட்டினா எழுத்து திருப்பித் தெரியுதே, பிள்ளைங்க எப்படிப் படிப்பாங்க?

உங்களுக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறது. மீட்டும் ஜூமும் உங்கள் படத்தை உங்களுக்குக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும், பிள்ளைகளுக்குச் சரியாகவே போகும். சந்தேகமாக இருந்தால் இன்னொரு போனில் அதே வகுப்புக்குள் நுழைந்து பாருங்கள்.

கையெழுத்து சொல்லிக்கொடுக்க ஒயிட்போர்டைவிட நோட்டுப்புத்தகம் மேல். இரண்டு பக்கமும் பால் மாவு டின் அடுக்கி, நடுவே நீட்டுக்கோலைப் பாலம் போல வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்து வைத்தால் உங்கள் கை எழுதுவது மேலிருந்து தெரியும். 'ஞ' எங்கே தொடங்குகிறது, 'இ'யின் சுழி எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் கை நகர்வதைப் பார்த்தால்தான் பிள்ளைக்குப் பிடிபடும், எழுதி முடித்த எழுத்தைப் பார்த்து இல்லை. இரண்டாவது போனை வகுப்புக்குள் கொண்டுவந்தால் அதன் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் இரண்டையுமே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீச்சென்று ஊளையிடும்.

ல, ள, ழ எல்லாம் போன்ல ஒரே மாதிரி கேக்குதே, எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?

ஆமாம், கேட்கும். சின்ன ஒலிபெருக்கி, சுற்றிலும் சத்தம், போதாததற்குச் செயலியே இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று குரலின் நுணுக்கத்தையும் சேர்த்து அமுக்கிவிடும். அதனால் காதை மட்டும் நம்பாமல் கண்ணுக்குக் காட்டுங்கள். சன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் விழுந்தால் வாய் இருட்டாகிவிடும். போனை வாய் தெரியும் அளவுக்குக் கிட்டே கொண்டுவந்து மெதுவாக: 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டும். 'ள'வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு அதே மாதிரி மடியும், ஆனால் தொடாது. "தொடுதா, தொடலையா?" என்று பிள்ளைகளையே கேளுங்கள், அவரவர் வாய்க்குள் தேடிப்பார்த்துப் பதில் சொல்வார்கள். அந்த ஒரு நிமிடம் வகுப்பு அத்தனை அமைதியாகிவிடும், எல்லா நாக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

அப்புறம் சோடிச் சொற்கள். பல்லி, பள்ளி. மலை, மழை. கிளி, கிழி. படத்தோடு காட்டி எதைச் சொன்னேன் என்று கேளுங்கள். கடைசியாக ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து சொல் வாசித்துக் குரல் பதிவாக அனுப்பட்டும், நேரலையைவிட அந்தப் பதிவில் ஒலி தெளிவாக இருக்கும். உண்மையைச் சொன்னால், முப்பது பேர் கூட்டாக வாசிக்கும் வகுப்பறையில் எனக்குக் காதில் விழாத பிழைகள் இந்தப் பதிவுகளில்தான் தெரிகின்றன. கூட்டத்தில் வாயசைத்துத் தப்பித்த பிள்ளை யார் என்பதும் சேர்த்துத் தெரிந்துவிடும்.

எல்லாரும் சேர்ந்து செய்யுள் சொல்லச் சொன்னா ஒரே கூச்சலா வருது டீச்சர்.

வரத்தான் செய்யும். ஒவ்வொரு வீட்டுக் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சேர்கிறது, செயலியோ ஒரு நேரத்தில் ஓரிருவர் குரலைத்தான் முன்னுக்குக் கொண்டுவரும். கூட்டு வாசிப்பு இயங்கலையில் (ஆன்லைனில்) நடக்காது. எல்லாரையும் ஒலியடக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் சொல்லச் சொல்ல அவரவர் வீட்டில் சத்தமாகச் சொல்லட்டும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிள்ளையின் ஒலியை மட்டும் திறந்து கேளுங்கள். யாரை எப்போது திறப்பீர்கள் என்று தெரியாததால் எல்லாரும் தயாராகவே இருப்பார்கள்.

நான் மலாய்ப் பள்ளியில படிச்சவ, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர்றது?

அம்மா, நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை, அது எங்கள் வேலை. பினாங்கில் உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், அம்மா சீனராக இருக்கும் வீடுகளும் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது மூன்றுதான். போனைத் திறந்து கொடுங்கள், பக்கத்தில் இருங்கள், முடித்த வேலையைப் படமெடுத்து அனுப்புங்கள்.

நேரமிருந்தால் பிள்ளையை உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். "இது என்ன எழுத்து, அம்மாவுக்குத் தெரியாதே" என்று நீங்கள் நிஜமாகவே கேட்கும்போது பிள்ளைக்கு வரும் உற்சாகம் நாங்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் வராது. ஆசிரியர்களே, வேலைக்கான விளக்கத்தை எழுத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். மேலே சொன்ன இரண்டு நிமிடக் குரல் பதிவு இந்த வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி கேட்டா அம்மா பின்னாலிருந்து பதில் சொல்லிக் கொடுக்கறாங்க. இதை எப்படி மதிப்பீடு செய்யறது?

முதலில், கோபப்படாதீர்கள். மற்ற பெற்றோர் முன்னால் தன் பிள்ளை தடுமாறுவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. கேள்வியை மாற்றிப் பாருங்கள். "ஏழும் எட்டும் எவ்வளவு" என்றால் அம்மா சொல்லிவிடலாம், "எப்படிக் கூட்டினாய், விரலில் காட்டு" என்றால் பிள்ளைதான் காட்ட வேண்டும். சரியான விடையைக் கேட்காமல் தப்பான ஒன்றைக் காட்டி எங்கே தப்பு என்று கேட்பதும் நல்ல வழி.

ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது, படிநிலை ஒன்றுப் பிள்ளைகளுக்குப் பெரிய தேர்வு எதுவும் கிடையாது, வகுப்புசார் மதிப்பீடுதான், அதில் அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை. அதை ஒரே நாள் பதிலை வைத்துப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. குரல் பதிவு, நோட்டுப்புத்தகம், பள்ளி திறந்ததும் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வது, இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். திரையில் எல்லாம் தெரிந்த பிள்ளை நேரில் திணறினால் அடைவுநிலையை நேரில் பார்த்ததை வைத்துப் போடுங்கள், வீட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒரு நாளைக்கு முப்பது படம் வருது, பாதி மங்கல். எப்படித் திருத்தறது?

பென்சில் எழுத்து படத்தில் மங்கிவிடும், அதுவும் இரவு விளக்கில் போனின் நிழல் தாளின்மேல் விழும். பகலில் முடியுமென்றால் சன்னலோரம், இரவென்றால் விளக்கு பக்கவாட்டில், போன் தாளுக்கு நேர் மேலே. இதைப் பெற்றோருக்கு ஒரு மாதிரிப் படத்தோடு முதல் வாரமே காட்டிவிடுங்கள்.

திருத்தும்போது எல்லாப் பிழைகளையும் சிவப்பில் வட்டமிடாதீர்கள். இன்று ஒற்றெழுத்து என்றால் ஒற்றெழுத்து மட்டும். பதிலைக் குரலில் சொல்லுங்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மூன்றாவது வரி அழகாக வந்திருக்கிறது, ஐந்தாவது வரியில் 'க்' விட்டுப்போச்சு, போட்டுவிடு." பத்து விநாடி வேலைதான், பிள்ளை அதைப் பத்துத் தடவை போட்டுக் கேட்கும். தனிச் செய்தியாக அனுப்புங்கள். குழுவில் ஒரு பிள்ளையின் பிழையைக் காட்டக்கூடாது, நல்ல வேலையைக்கூட அடிக்கடி ஒரே பிள்ளையுடையதாகக் காட்டக்கூடாது.

நான் அனுப்பிய பயிற்சித்தாள்ல தமிழ் எழுத்தே இல்ல, என்னமோ குறியீடா தெரியுதுன்னு சொல்றாங்க. என் கணினியில நல்லாத்தானே இருக்கு?

பழைய கோப்பாக இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருக்கிறது, பெற்றோர் போனில் இல்லை. அவசரத்துக்கு அதை பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள், எழுத்துரு உள்ளேயே சேர்ந்து போகும். நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றிவிடுவது, அதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் மாற்றத்தில் சில சமயம் உடையும், ஒருமுறை கண்ணால் வாசித்துவிடுங்கள். புதிதாகத் தட்டுபவர்கள் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுவது நல்லது. போனில் என்றால் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தட்டச்சுச் செயலி இருக்கிறது.

அப்படின்னா பிள்ளைங்களையே தமிழ்ல தட்ட வைக்கலாமா?

படிநிலை ஒன்றில் வேண்டாம். மேசையில் பென்சில் பிடித்து எழுதிப் பழக வேண்டிய வயது. நான்காம் ஆண்டுக்குப் பிறகு தாராளமாக.

கேமரா கட்டாயம் திறக்கணுமா? வகுப்பைப் பதிவு பண்ணி டிக்டாக்ல போடலாமா?

கட்டாயப்படுத்தாதீர்கள். பிளாட்டில் ஒரே கூடத்தில் பாட்டி படுத்திருப்பார், தம்பி குளித்துவிட்டுத் துண்டோடு ஓடுவான், வீட்டைக் காட்டக் கூச்சப்படும் குடும்பம் உண்டு. முகம் வேண்டாம், நோட்டுப்புத்தகத்தையும் கையையும் காட்டினால் போதும் என்றால் பலர் திறந்துவிடுவார்கள்.

பதிவு செய்து வராத பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் உங்கள் குரலும் திரையும் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் முகமோ பெயரோ பொதுத்தளத்தில் போகவே கூடாது, பெற்றோர் சரியென்று சொன்னாலும் நான் போடமாட்டேன். புலனத்துக்குக் குறைந்தது 13 வயது என்பதும் நினைவிருக்கட்டும், குழுவில் இருக்க வேண்டியது பெற்றோர் எண்தான். வகுப்பு முடிந்ததும் நீங்கள் மட்டும் வெளியேறாமல் எல்லாருக்கும் அழைப்பை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெரியவர் யாருமில்லாத அறையில் பிள்ளைகள் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பையன் ரெண்டு வாரமா வரவும் இல்ல, எதையும் அனுப்பவும் இல்ல. போன் பண்ணாலும் எடுக்கல. நான் என்ன செய்ய?

குழுவில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள், அதுதான் முதல் காரியம். டாப்-அப் தீர்ந்திருக்கலாம், போன் உடைந்திருக்கலாம், வீடே மாறியிருக்கலாம். காலை அழைத்தீர்கள் என்றால் இரவு எட்டரைக்கு அழைத்துப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் இரண்டாவது எண், பெரும்பாலும் அது தாத்தா பாட்டி எண்ணாக இருக்கும். அதே புளோக்கில் இருக்கும் இன்னொரு மாணவனின் அம்மாவிடம் ரகசியமாக விசாரிக்கலாம். அதன் பிறகு தலைமையாசிரியருக்கும் ஆலோசக ஆசிரியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இதை இரண்டு வாரம் காத்திருந்து செய்ய வேண்டாம், மூன்றாம் நாளே செய்யலாம்.

ஆள் கிடைத்ததும் கருவிதான் சிக்கல் என்று தெரிந்தால், ஒரு வாரத்துக்கான தாள்களை உறையில் போட்டுப் பள்ளிக் காவலரிடம் வைத்துவிடுங்கள், பெற்றோர் வேலைக்குப் போகும் வழியில் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அங்கேயே திருப்பி வைக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் சொன்னால் யாராவது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்று இரவலாகக் கிடைக்கும். பையன் திரும்பி வரும்போது விட்டுப்போன பத்து நாள் வேலையையும் தலையில் கட்டாதீர்கள். அதில் அடுத்த பாடத்துக்கு அவசியமானது எது என்று பார்த்து இரண்டோ மூன்றோ மட்டும் எடுத்துக் கொடுங்கள், மற்றதைக் கிளாஸ்ரூமில் விலக்களித்துவிடுங்கள். அன்றைய பாடத்தில் அவனுக்கு நிச்சயம் பதில் தெரிந்த ஒரு கேள்வியை அவனிடம் கேளுங்கள்.